எங்கிருந்தோ வந்த பந்து

ஆமாம், அந்தப் பத்திரிகையில் இருப்பது நான்தான். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாளே, அந்தக் கிழவி நான்தான். வடசேரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். கேட்கவும் கூச்சம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. பரவாயில்லை. ஆனால் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் மடியில் நான் விரிந்து கிடப்பது எனக்கு என்னவோ போலிருக்கிறது.

வாழ்த்தெல்லாம் வேண்டாம் அம்மா. நேற்றிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

திருநெல்வேலிக்குத்தான் போகிறேன். மகள் வீடு. இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். பைக்குள் பத்து நாளுக்குத் துணி இருக்கிறது.

நீங்கள் கால்பந்து பார்ப்பீர்களா? தெரியாவிட்டாலும் ஒன்றுமில்லை. கோல் அடிப்பவன் ஒருவன். அவன் காலுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் இன்னொருவன். ஊர் முதலாமவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். இரண்டாமவன் முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். இவ்வளவு தெரிந்தால் போதும். இதைத்தான் எங்கள் ஊரில் மூன்று மாதம் உட்கார்ந்து பேசினோம், சண்டை போட்டுக்கொண்டு.

ஊர் மாதாமுனை. கடற்கரை. எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு அப்பன் பந்து வாங்கக் கடைக்குப் போவான் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். விண்மீன் கழகம் என்று ஒரு கால்பந்துக் கழகம், இந்த வருஷம் அதற்கு எழுபத்தைந்து. கழகக் கட்டடத்தின் கிழக்குச் சுவரில் ஆறு ஜன்னல். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஐந்து இடம். அந்த ஐந்து இடத்தில், கழகத்துக்காக ஆடியவர்களிலும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்களிலும் தலைசிறந்த ஐந்து பேருடைய படத்தை மாட்டுவது, அதற்குப் பெருமைச் சுவர் என்று பெயர் வைப்பது என்று தீர்மானித்தார்கள். யார் அந்த ஐந்து பேர் என்று முடிவுசெய்யப் பதினொரு பேர் கொண்ட குழு. பங்குத்தந்தை தலைவர். பத்து ஆண்கள், ஒரு பெண்.

அந்தப் பெண் ஏன் என்று கேட்பீர்கள். ஆட்டத்தையெல்லாம் எழுதியவள் அவள்தான்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் நடக்கும். ஞாயிறு பூசை முடிந்து, கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சங்க அறிவிப்புகளெல்லாம் வாசித்தபின், கடைசியாக, ஃபாதருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஆட்டக் குறிப்பை வாசிப்பார். கோபுரத்தில் நான்கு திசைக்கும் நான்கு ஒலிபெருக்கி. அந்தக் காலத்தில் பெண்கள் மைதானத்துக்குப் போகிற பழக்கமில்லை. நான் மட்டும் போவேன். அப்பா கழகச் செயலாளர். அவருக்கு ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி. எழுபத்தாறில் நான் கல்லூரியில் தமிழ் இரண்டாம் ஆண்டு. அப்பாவின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஆகவே, "அமலி, நீ எழுது" என்றார். பதினோரு வருஷம் எழுதினேன். அதாவது, ஊரில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் ஆட்டம் என்றால் நான் எழுதியதுதான். நான் எழுதாதது நடக்கவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், தெரியுமா? பிறகு முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். அங்கேயும் சொல்லியிருக்கிறேன்.

சரி, குழுவுக்கு வருகிறேன். நான்கு படம் சிரமமில்லாமல் முடிந்துவிட்டது. கோல் அடித்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் வளன்; கோல் காத்தவர் ஒருவர். ஐந்தாவது இடத்துக்குத்தான் அடிதடி. ஒரு பக்கம் ஜெரோம் மாஸ்டர். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், பத்தொன்பது வருஷம் கழகத்துக்குப் பயிற்சி கொடுத்தவர், இப்போது இல்லை. இன்னொரு பக்கம் பெர்க்மான்ஸ். நடுவில் நின்று ஆடியவர், பந்தைப் பிரித்துக் கொடுத்தவர். இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. இன்னும் கரமடி இழுக்கப் போகிறார். கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற வலை, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பெர்க்மான்சுக்காக வாதாடியவர் கிளமென்ட். பழைய பின்காவல் ஆட்டக்காரர், தொண்டை பெரியது.

"மூணு பேரு கோல் அடிச்சவன், ஒருத்தன் தடுத்தவன். நடுவுல ஒருத்தனும் இல்லியா? பந்து தானா நடந்து போச்சாக்கும்?"

மாஸ்டரின் மருமகன் மரியதாசன் விடவில்லை. "மாமா இல்லேன்னா பெர்க்மான்சுக்கு பந்துக்க நெறமே தெரிஞ்சிருக்காது. பத்தொம்பது வருசம் விடியுமுன்ன எழும்பி விசில் ஊதின மனுசன் அவரு."

"விசில் ஊதினா படம் மாட்டணும்னா, பஸ் கண்டக்டருக்கும் ஒண்ணு மாட்டு."

ஃபாதரே சிரித்துவிட்டார். பிறகு மேசையைத் தட்டினார்.

"பத்தொம்பது வருசத்துல ஒரு கோப்ப," என்றார் கிளமென்ட். "ஒண்ணே ஒண்ணு, எம்பத்தொண்ணுல. அந்த வருசம் நடுவுல நின்னது யாருலே?"

"நடுவுல எவன் வேணும்னாலும் நின்னுட்டுப் போறான். அடிச்சது வளன். டீச்சர் எழுதியிருக்காங்க இல்லா? 'எங்கிருந்தோ வந்த பந்து, வளன் கால் பட்டு வலையில் பூத்தது.' எனக்க பேத்திக்குக்கூட மனப்பாடம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாக்கியம் எங்கள் ஊரில் பெரிய வாக்கியம். வளன் அடக்கத்தின்போது ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். இந்த விழாவுக்குப் பிள்ளைகளின் சட்டை முதுகில் அச்சடித்திருந்தார்கள். சொல்லிப் பாருங்கள், வாயில் எப்படி உருளுகிறது! எழுதின அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நிற்கும் என்று.

ரெக்சன் என்று ஒருவன் குழுவில் உண்டு. கப்பலில் வேலை, ஆறு மாத விடுப்பில் வந்திருந்தான். கெட்டிக்காரன். என் குறிப்புகள் நூற்று நாற்பத்தொன்றையும் உட்கார்ந்து லேப்டாப்பில் அடித்து முடித்திருந்தான். "நீங்க ஏன் வாய்ச்சண்ட போடுறீங்க? ரெக்கார்டு இருக்கு. யாரு பேரு எத்தன தடவ வந்திருக்குன்னு எண்ணிட்டேன்" என்றான்.

வளன், எண்பத்தெட்டு. ஜெரோம் மாஸ்டர், ஐம்பத்திரண்டு. பெர்க்மான்ஸ், நான்கு.

"நாலா?" என்று கிளமென்ட் எழுந்துவிட்டார். "நாலாயிரம்னு சொல்லு. லேய், ஒனக்க பெட்டியில கரையான் கேறியிருக்கு."

ரெக்சன் நான்கையும் வாசித்துக் காட்டினான். ஒரு தடவை, ஆட்டத்துக்குத் தாமதமாக வந்தார். ஒரு தடவை, நடுவர் எச்சரித்தார். ஒரு தடவை, கை எலும்பு முறிந்து வெளியே தூக்கிப் போனார்கள். ஒரு தடவை, கிடைத்த பெனால்டியை வெளியே அடித்தார். நான்கும் சேர்ந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஏதோ ஒரு வெட்டி ஆள் என்றுதான் தோன்றும். கிளமென்ட் மெதுவாக உட்கார்ந்தார்.

அதன் பிறகு அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "இன்னொண்ணு சொல்லட்டா? டீச்சருக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு 'எங்கிருந்தோ'. அறுபத்தொரு தடவ வந்திருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா, அந்த அறுபத்தொன்றும் பெர்க்மான்ஸ்.

ஆரல்வாய்மொழி வந்துவிட்டது போலிருக்கிறது. காற்று இங்கே இப்படித்தான், ஆளைத் தூக்கும். ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்களா? அந்தப் பெயர் வாக்கியத்தில் உட்காரவில்லை. நிஜமாகச் சொல்கிறேன். வளன், சொல்லிப் பாருங்கள், எப்படி இருக்கிறது? எங்கே வைத்தாலும் நிற்கும். பெர்க்மான்ஸ் என்றால் வண்டி குழியில் இறங்கின மாதிரி. நான் அப்போது காதால் எழுதுகிறவள். ஒவ்வொரு வரியையும் பத்துத் தடவை முணுமுணுத்துப் பார்ப்பேன். பந்து எங்கிருந்தோ வந்தது என்றால் அதில் ஒரு மர்மம் இருக்கிறது. பெர்க்மான்ஸ் கொடுத்தான் என்றால் அதில் என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் முதல் குறிப்பு வாசித்த ஞாயிறு. கோயில் வாசலில் நான் சிநேகிதிகளோடு நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைத் தாவணி. பெர்க்மான்ஸ் நாலைந்து பேரோடு வந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அன்று நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். "புள்ளே, நல்லா எழுதியிருக்க," என்றார். "ஆனா ரெண்டாவது கோலு எடப்பக்கத்தால வரல்ல. வலப்பக்கத்தால நானாக்கும் குடுத்தேன். நீ ஆட்டத்த பாத்தியா, கடல பாத்துட்டு இருந்தியா?"

சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். என் சிநேகிதிகளும் சிரித்தார்கள். லில்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஸ்டெல்லா பொத்தாமலே சிரித்தாள்.

நான் அதை மறுநாளே மறந்துவிட்டேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருபது வயதுப் பெண், ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள்.

சம்பந்தமில்லை என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரெக்சன் என்னிடம் கேட்டான். நல்லபடியாகத்தான் கேட்டான். "டீச்சர், ரெக்கார்டுல இல்ல. ஆனா நீங்க நேர்ல பாத்தவங்க. எம்பத்தொண்ணு ஃபைனல்ல வளனுக்கு அந்தப் பந்த யாரு குடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பெர்க்மான்ஸ்" என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும் இல்லையா? அப்படியென்றால் ஏன் எழுதவில்லை, டீச்சர்? அறுபத்தொரு தடவையும் ஏன் எழுதவில்லை?

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே," என்றேன். "எழுதினதுதான் இருக்கு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு."

மறக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். கேரளத்து அணி. பெர்க்மான்ஸ் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைக் காலுக்கடியில் போட்டு அப்படியே நின்றார். ஓடவில்லை. மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் மட்டும் நிற்கிறார். கரமடிக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மீன் உள்ளே வரட்டும் என்று நிற்பான் பாருங்கள், அப்படி. இரண்டு பேர் அவரைப் பார்த்து வந்தார்கள். மூன்றாவது ஆளும் வந்தான். அவர் முகம் இடது பக்கம் பார்த்தது. கால் வலது பக்கம் தள்ளியது. மூன்று பேரும் முகத்தை நம்பினார்கள். பந்து அவர்களுக்குப் பின்னால் ஓர் ஆளும் இல்லாத மணலுக்குப் போயிற்று. ஐயோ, வீணாகப் போகிறதே என்று அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அப்போதுதான் வளன் அங்கே வந்து சேர்ந்தான். அவன் வருவான் என்று இவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. வளன் செய்ததெல்லாம் காலை வைத்ததுதான்.

இவ்வளவையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அன்று ராத்திரி 'எங்கிருந்தோ' என்று எழுதினேன்.

பிறகு ஓட்டெடுப்பு. ஆளுக்கொரு தாள் துண்டு. காணிக்கைப் பையைச் சுற்றிவிட்டார்கள், மடித்து அதில் போட வேண்டும். ஃபாதர் பிரித்துப் பிரித்து வாசித்தார். மாஸ்டருக்கு ஐந்து. பெர்க்மான்சுக்கு ஐந்து. ஒன்றில் ஒன்றுமே எழுதவில்லை.

"இது யாருப்பா?" என்றார் ஃபாதர். குழுவில் கண்புரை வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பேனா ஓடவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்த மனுஷனும் நானாக இருக்குமோ என்று சந்தேகத்தோடு தன் பேனாவால் கையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

என் பேனா நன்றாக ஓடும். நடுநிலையாக இருக்கட்டும் என்று விட்டேன். அப்படித்தான் எனக்கு நான் சொன்னேன்.

ஃபாதர் சின்ன வயதுக்காரர், சண்டையை முடித்தால் போதும் என்றிருந்தார். "ரெண்டு பக்கமும் மனஸ்தாபம் வேண்டாம்," என்றார். "நான் ஒரு வழி சொல்லுகேன். நாம மூணு மாசமா எத வச்சுப் பேசுறோம்? டீச்சர் எழுதினத வச்சு. இவங்க எழுதலேன்னா வளனும் இல்ல, மாஸ்டரும் இல்ல. அஞ்சாவது எடம் டீச்சருக்கே இருக்கட்டும்."

கைதட்டினார்கள். மரியதாசன் தட்டினார். கிளமென்ட்கூடத் தட்டினார், தன் ஆளுக்குக் கிடைக்காவிட்டாலும் எதிரிக்கும் கிடைக்கவில்லையே என்கிற நிம்மதியில். நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படம் எடுக்க நாகர்கோவில் போனபோது பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுவாரம் பெர்க்மான்ஸ் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நெய்மீன், வாலில் பனையோலை கட்டித் தூக்கிக்கொண்டு. வாசலோடு நின்றார். உட்காரச் சொன்னேன், வேட்டி ஈரம் என்று உட்காரவில்லை.

"டீச்சரே, சந்தோசம்," என்றார். "அந்த எடத்துக்காக ரெண்டு பேரும் தலைய ஒடச்சுக்கிட்டு நின்னானுவ. ஒங்களுக்கு வந்தது நல்லதாப் போச்சு. படிச்சவங்க படம் ஒண்ணு இருக்கட்டும். இல்லேன்னா எல்லாம் கால்சட்டை போட்ட பயலுவளாக்கும்."

மீனை வாங்கிக்கொண்டேன்.

"அம்மயக் கூட்டிக்கிட்டு வாறேன் விழாவுக்கு. தொண்ணூத்தொண்ணு ஆச்சு, நடக்க வய்யா, செவியும் மந்தம். ஆனா வரணும்ங்கா. ஒங்க எழுத்துன்னா அவளுக்கு உசிரு, டீச்சரே."

"அப்படியா?" என்றேன்.

"பின்னே? பூச முடிஞ்சா எல்லாப் பெண்டுவளும் வீட்டுக்குப் போயிருவா. எனக்க அம்ம மட்டும் கொடிமரத்துக்குக் கீழ இருப்பா. எனக்க பேரு வருமான்னு பாக்கதுக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேறு எவனோ ஒருவனுடைய அம்மாவைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "மொதமொதல்ல ஒருக்க வந்துது. நான் பெனால்டிய வெளிய அடிச்சேன் பாத்தியளா, அதுக்கு. உபதேசியாரு பேர வாசிச்சாரு. அன்னைக்கு அம்ம தெருவுல உள்ள எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தா. எம்மா, நான் தப்பா அடிச்சதையாக்கும் வாசிச்சாங்கன்னு சொல்லுகேன். அதுக்கு அவ, 'என்னமும் அடிச்சிட்டுப் போ, பேரு வந்திட்டு இல்லா'ங்கா."

அவர் போனபின் அந்த மீனை நான் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். குழம்பு வைத்து எனக்கே ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். விழாவில் சொல்லிவிடுவது. நீட்டக் கூடாது, அலங்காரம் கூடாது. மூன்று வரி. "பந்து எங்கிருந்தோ வரவில்லை. பெர்க்மான்ஸ் கொடுத்தார். வேண்டுமென்றே நான் எழுதவில்லை." அடுப்படியில் நின்று ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். பெயர் நன்றாகவே உட்கார்ந்தது.

நேற்றுக் காலை, இரண்டாம் பூசை முடிந்து பதினொரு மணிக்கு விழா. கழகக் கட்டடம் நிறைந்து வெளியேயும் கூட்டம். பெர்க்மான்சும் கிளமென்டும், பெர்க்மான்சின் அம்மா திரேசம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முன் வரிசையில் வைத்தார்கள். சுருங்கி இவ்வளவுதான் இருந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை. கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, ஆரம்பிக்கும் முன்பே கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். மைக்கைப் பிடித்தேன். முதல் வரி நாக்கு நுனியில் இருக்கிறது. கூட்டம் அமைதியாயிற்று. அந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவள் நான். ஒரு நல்ல வாக்கியத்துக்குக் காத்திருக்கிற அமைதி எது என்று எனக்குத் தெரியும்.

பத்திரிகையை எடுங்கள். படத்துக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், வாசியுங்கள். "கடலில் எந்த அலைக்குப் பெயர் இருக்கிறது? ஆனால் அலை இல்லாமல் கடல் இருக்கிறதா? இந்தச் சுவரில் இல்லாத பெயர்களையும், நான் எழுதாமல் விட்ட பெயர்களையும் தலைதாழ்ந்து வணங்குகிறேன்." அதுதான் நான் சொன்னது. அழகாக இருக்கிறது இல்லையா? பெயர்களை என்றேன். பார்த்தீர்களா? பெயரை இல்லை, பெயர்களை.

கைதட்டல் அடங்கவில்லை. கிளமென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பணிவு, என்ன பணிவு என்று ஃபாதர் மைக்கில் சொன்னார்.

சத்தம் ஓய்ந்த நேரத்தில் திரேசம்மா மகனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். காது கேளாதவர்கள் கத்தித்தானே பேசுவார்கள். கூடம் முழுக்கக் கேட்டது.

"ஒனக்க பேர சொன்னாளா?"

பெர்க்மான்ஸ் குனிந்து அவள் காதில் வாயை வைத்து, அவரும் கத்தித்தான் சொன்னார். "சொன்னாங்கம்மா. சொன்னாங்க."

கூட்டம் கலைகிறபோது அவள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியுமா? போய்க் குனிந்தேன். பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை வரைந்தாள். விரல் காய்ந்த வலைக்கயிறு மாதிரி இருந்தது.

"நல்லா இருப்ப மக்களே. எனக்க மவனுக்க பேர சொன்னியாமே."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எனக்குச் செவி அடச்சுப்போச்சு. ஒருக்க இன்னும் சொல்லு."

அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "பெர்க்மான்ஸ்" என்றேன்.

தலையை ஆட்டினாள். "இங்கன இல்ல. அதுல சொல்லு." மேடையைக் காட்டினாள்.

மைக் செட்டுக்காரர் ஒரு பக்கமிருந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். மைக் இன்னும் அங்கேயேதான் நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பாதிக் கூட்டம் காப்பிக்காக நின்றுகொண்டிருந்தது. ஆறு எட்டு வைத்தால் மேடை. பெர்க்மான்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரண்டு போயிட்டு அம்மா," என்றேன்.

அவள் தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாந்து அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி மக்களே," என்றாள்.